ஓட்டத்துக்கு முன்னால் வெட்டிய பெயர்

மொத்தம் நூற்று முப்பத்தேழு பேர். பிள்ளைகள் தொண்ணூற்று நாலு: பவானி அணி இருபத்து நாலு, காவிரி அணி இருபத்து மூன்று, நொய்யல் அணி இருபத்து நாலு, அமராவதி அணி இருபத்து மூன்று. காவிரியிலும் அமராவதியிலும் ஒவ்வொரு பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறதாம், வரவில்லை. தலைமை ஆசிரியை வசுந்தரா டீச்சர் ஒருவர், மற்ற ஆசிரியர்கள் ஐந்து பேர், விளையாட்டு வாத்தியார் லோகநாதன் சார் ஒருவர், பரிசு கொடுக்க வந்திருக்கும் கல்வி அதிகாரி ஒருவர், சத்துணவு டீச்சரும் ஆயாவும் இரண்டு பேர், மைக் செட்டுக்காரத் தம்பி ஒருவன், பெற்றவர்கள் முப்பத்தொரு பேர், பிறகு பரிசுப் பாத்திரத்தில், முதலுக்குத் தட்டு, இரண்டாவதுக்குக் கிண்ணம், மூன்றாவதுக்கு டம்ளர், ஜெயித்த பிள்ளையின் பேர் வெட்ட வந்த நான். கூட்டத்தில் உட்கார்ந்தால் எண்ணிக்கொண்டிருப்பேன். எண்ணிக்கொண்டிருந்தால் யாரும் வந்து பேச்சுக் கொடுக்கமாட்டார்கள், நானும் யார் முகத்தையும் பார்த்துப் பதில் சொல்ல வேண்டாம். ஆனால் இப்போது எண்ணி முடித்துவிட்டேன், மேஜைக்கு அடியில் என் ஈரத்துண்டு போட்டு மூடிய குடம் இருக்கிறது, சுண்ணாம்புக் கோட்டில் எட்டுப் பெண்பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள், லோகநாதன் சார் விசிலை வாயில் வைத்துவிட்டார். கடைசி ஓட்டம். மைதானத்தை நாலு சுற்றுச் சுற்ற வேண்டும். அந்த எட்டில் இரண்டு பிள்ளைகளை மட்டும் நான் பார்த்தால் போதும். பவானி அணித் தன்ஷிகா, நீலப் பட்டை கட்டியிருக்கிறாள், இதுவரை பதினோரு பாயிண்ட். நொய்யல் அணிப் பொம்மி, மஞ்சள் பட்டை, பத்து பாயிண்ட். இந்த ஓட்டத்தில் இரண்டு பேரில் யார் முன்னால் வருகிறாளோ அவள்தான் இந்த வருஷத்துச் சாம்பியன், அவளுக்குத்தான் குடம். எல்லாருக்கும் தெரிந்த கணக்கு இவ்வளவுதான். குடத்தில் ஏற்கெனவே பேர் வெட்டியாகிவிட்டது என்பது எனக்கும் லோகநாதன் சாருக்கும் மட்டும் தெரியும். தன்ஷிகா என்று வெட்டியிருக்கிறேன்.

விசில் ஊதிவிட்டார். எட்டுப் பிள்ளைகளும் ஒரே கொத்தாகப் போகிறார்கள், செருப்பில்லாத கால்கள், புழுதி எழும்பி நிற்கிறது, தன்ஷிகா முதலில், நெட்டையான பிள்ளை, கொக்கு மாதிரி காலை எடுத்து வைக்கிறாள், பொம்மி எங்கே, ஐந்தாவது, இல்லை, ஆறாவது. நல்லது. நல்லது என்றா நினைத்தேன்? ஆமாம், அப்படித்தான் நினைத்தேன், ஆறாவதாக வந்தால் துண்டை எடுத்துக் குடத்தைத் துடைத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விடலாம், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் லோகநாதன் சார் வந்தார். "ஏனுங் பெரியவரே, போன வருஷம் நீங்க குடத்துல வெட்ட ஆரம்பிக்கறதுக்குள்ள விருந்தாளி கெளம்பிட்டாருங்க. பேரில்லாத குடத்தக் குடுத்து போட்டோ எடுத்தம். இந்த வருஷம் இப்பவே வெட்டி வெச்சுருங்க, தன்ஷிகாதான். அது ஜில்லா அளவுல ஓடுன புள்ள. இதுல என்ன சந்தேகம்?" அஞ்சு டீச்சர்களும் பேச்சுக் காதில் விழாத தூரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், ஆனால் அஞ்சு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆகட்டுமுங்க என்றேன். அவ்வளவுதான். என் வாயில் வேறு சொல் வராது, நாலு பேர் பார்த்தால் எனக்கு எப்போதும் ஆகட்டுமுங்கதான். ஒரு தடவை நிறைமாசமாக இருந்த ஒரு அம்மணி பால் டம்ளரில் பேர் வெட்டச் சொல்லிக் கடைக்கு வந்தது, ஆம்பளப்புள்ளைன்னா இது, பொம்பளப்புள்ளைன்னா இது என்று இரண்டு டம்ளர், இரண்டு பேர். பொறக்கட்டுமுங்க அம்மணி, அப்புறம் வெட்டலாம் என்று திருப்பி அனுப்பினேன். அன்றைக்குக் கடையில் நானும் அந்த அம்மணியும் மட்டும் இருந்தோம், அதனால் சொல்ல முடிந்தது. இன்றைக்கு அதே வாயால் ஏன் சொல்ல முடியவில்லை, ஓடட்டுமுங்க சார், அப்புறம் வெட்டலாம் என்று, நாலே வார்த்தை, அதற்கு என்ன படிப்பு வேண்டும்.

முதல் சுற்று முடிந்தது. தன்ஷிகா முதலில்தான், காவிரிப் பிள்ளை ஒன்று இரண்டாவது, பொம்மி ஐந்தாவது. காற்று அடிக்கிறது, துண்டின் ஒரு முனை தூக்குகிறது, காலால் மிதித்துக்கொண்டேன். எவர்சில்வரில் கரண்டு ஊசி ஒரு தடவை புள்ளி வைத்தால் வைத்ததுதான், தேய்த்தாலும் போகாது, பாலிஷ் போட்டாலும் நிழல் மாதிரி நிற்கும். ஒரு கல்யாணத்துக்கு இருபத்தொரு உருப்படி வெட்டினேன், அண்டாவிலிருந்து கரண்டி வரைக்கும், கனகரத்தினம் சுலோச்சனா, கனகரத்தினம் சுலோச்சனா, இருபத்தொரு தடவை, கடைசிக் கரண்டி வெட்டும்போது பாடம் ஓதுகிற மாதிரி வாய் தானாகச் சொல்லிக்கொண்டே போனது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் கல்யாணம் நின்றுபோயிற்று. பெண்ணின் அப்பா கடை வாசலில் வந்து நின்றார், பேரை எடுக்க முடியுமா என்று கேட்டார், முடியாதுங்க என்றேன், அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். அந்த இருபத்தொன்றும் எங்கே போயிற்று என்று எனக்கு இன்றைக்கு வரை தெரியாது. எந்தப் பரணில் கிடக்கிறதோ. எடைக்குப் போட்டிருந்தால் நல்லது. அப்படிப் போட்டிருந்தால் உருக்கிவிட்டிருப்பார்கள். உருக்கினால் பேர் போய்விடும், நெருப்புக்குத்தான் போகும். அன்றைக்கு என்மேல் தப்பில்லை, இரண்டு வீட்டாரும் சேர்ந்து எழுதிக்கொடுத்த பேர். இன்றைக்கு? இன்றைக்கும் எழுதிக்கொடுத்த பேர்தான், லோகநாதன் சார் சாக்பீஸால் மேஜைமேல் எழுதிக் காட்டினார். அப்படியானால் இது மட்டும் ஏன் என் தப்பு மாதிரி இருக்கிறது? ஏனென்றால் அந்தப் பிள்ளை வந்து கேட்டது. அதுதான். அது வந்து கேட்டிருக்காவிட்டால் இப்படி இல்லை. வெட்டி முடித்துத் துண்டு போட்ட கையோடு பொம்மி வந்து நின்றது, குள்ளமாக, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, ஒரு காலை இன்னொரு காலால் சொறிந்துகொண்டு. "தாத்தா, குடத்துல எப்பங்க பேரு வெட்டுவீங்க?" துண்டுக்கு அடியில் இருந்த குடத்தின்மேல் கையை வைத்துக்கொண்டே சொன்னேன், ஓட்டம் முடிஞ்சப்புறம் கண்ணு. "அப்ப நான் பக்கத்துல நின்னு பாத்துக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டது. ஓடுகிற பிள்ளையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொடுத்து முடிந்துபோன ஒன்றுக்காக ஒரு பிள்ளையை ஓடவிடுகிறோம். குடம் கீழே, பிள்ளை மைதானத்தில்.

இரண்டாவது சுற்று. அமராவதிப் பிள்ளை ஒன்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டது, ஆயா தண்ணீர்ச் செம்போடு ஓடுகிறது. பொம்மி நாலாவது. மூச்சை வாயால் விடவில்லை, மூக்காலேயே விடுகிறது, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, கடைக்குப் போய் உப்பு வாங்கி வருகிற பிள்ளை மாதிரி ஓடுகிறது. தன்ஷிகாவுக்கு வேகம் குறைந்ததா, இல்லை எனக்கு அப்படித் தெரிகிறதா? தன்ஷிகாவும் நல்ல பிள்ளைதான், காலையில் எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தது அதுதான், சூடு பார்த்துக் குடிங்க தாத்தா என்றது. அதன்மேல் எனக்கு என்ன? ஒன்றும் இல்லை. பிள்ளைகள் கத்துகிறார்கள், நொய்யல் நொய்யல் என்று ஒரு பக்கம், பவானி பவானி என்று ஒரு பக்கம். நொய்யல் பக்கத்து வாண்டு ஒன்று, "பவானில தண்ணி வத்திப்போச்சு டோய்!" என்று கத்துகிறது. பவானிப் பக்கம் உடனே, "உங்க நொய்யல்ல சாயத்தண்ணிதாண்டா ஓடுது, போடா!" என்கிறது. வசுந்தரா டீச்சர் மைக்கில், "கேலி பேசக் கூடாது, கை மட்டும் தட்டுங்க" என்கிறார், அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, மைக்கில் தெரிகிறது. ஒரு அம்மணி வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு வேகமாக வருகிறது, தலையில் பஞ்சுத் தூசி, ஸ்பின்னிங் மில் அடையாள அட்டை கழுத்தில் அப்படியே தொங்குகிறது. நூற்று முப்பத்தெட்டு. நேராக என் மேஜைக்கு வந்து நின்றது, பந்தலுக்குள் போகக் கூச்சம் போலிருக்கிறது, அது எனக்குத் தெரியும், நானும் அதற்குத்தான் ஓரமாக மேஜை போடச் சொன்னேன். "ஏனுங்க, அறுநூறு மீட்டர் முடிஞ்சுருச்சுங்களா? பொம்மி எம் புள்ளைங்க. சூப்பர்வைசர் அரை நாள் குடுக்கவே மாட்டேன்னுட்டாருங்க, சண்ட போட்டு வந்தேன்." ரெண்டு சுத்து பாக்கி இருக்குதுங்க என்றேன். "எத்தனாவதா வருதுங்க?" நாலாவதுங்க என்றேன். அந்த அம்மணி நாலாவதா என்று சொல்லி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. அதன் கால் பெருவிரலிலிருந்து குடத்துக்கு ஒரு சாண்கூட இல்லை.

மூன்றாவது சுற்று. காவிரிப் பிள்ளையைப் பொம்மி தாண்டிவிட்டது, பிறகு அமராவதியின் இன்னொரு பிள்ளையையும் திருப்பத்தில் உட்பக்கமாகத் தாண்டிவிட்டது, இப்போது முன்னால் தன்ஷிகா மட்டும்தான். எவ்வளவு இடைவெளி? ஒரு ஜமக்காளம் நீளம் இருக்குமா? இருக்கும். அந்த அம்மணி அடையாள அட்டையின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே நிற்கிறது. என் வாய் அசைகிறது, என்ன சொல்கிறேன் என்று நானே காது கொடுத்துக் கேட்டேன், வா கண்ணு வா கண்ணு என்கிறேன். பைத்தியமா எனக்கு? அந்தப் பிள்ளை வந்தால் நான் என்ன ஆவேன்? அதிகாரி முன்னால், முப்பத்தொன்று, இல்லை, முப்பத்திரண்டு பெற்றவர்கள் முன்னால் எழுந்து நின்று சொல்ல வேண்டும், ஓட்டம் முடியுமுன் நான் வெட்டிவிட்டேன் என்று. லோகநாதன் சார் சொல்லித்தான் வெட்டினேன் என்றும் சொல்ல வேண்டுமா? சொன்னால் அவர் முகம் என்ன ஆகும்? சொல்லாவிட்டால் என் முகம்? வாத்தியார் எழுந்து படி என்றதற்கு எழுந்து நின்று வாயைத் திறக்காமல் மணி அடிக்கும் வரைக்கும் நின்றவன் நான், அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கு வறுமை என்று எல்லாரிடமும் சொல்வேன், வறுமை பாதிதான். இப்போதும் அதே மாதிரி ஒரு பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்க வேண்டுமா? வேண்டாம், தன்ஷிகா ஓடு. தன்ஷிகா, நீ ஓடு அம்மணி. என்று நினைக்கிறேன், வாய் அதைச் சொல்லமாட்டேன் என்கிறது. வாய் வா கண்ணு என்றுதான் சொல்கிறது. சரி. ஒரு வழியாகத் தெரிந்துபோயிற்று, எனக்கு எது வேண்டும் என்று. நான் அந்த அம்மணியிடம், இப்ப ரெண்டாவதுங்க என்றேன். "பாத்தனுங்க" என்றது.

கடைசிச் சுற்று. லோகநாதன் சார் கோட்டின் பக்கத்தில் கயிற்றைப் பிடிக்க ஆள் கூப்பிடுகிறார், அவர் முகத்தில் வேர்வை, ஒரு தரம் என் மேஜைப் பக்கம் திரும்பிப் பார்த்தார், நான் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. எதிர்த் திருப்பத்தில் இரண்டு பிள்ளைகளும் வேப்பமரத்துக்குப் பின்னால் மறைந்தார்கள். மரத்தின் அந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பட்டை முதலில் வரும்? நீலம். நீலத்துக்குப் பக்கத்திலேயே மஞ்சள், இரண்டும் ஒரே துணி மாதிரி. ஓடாத எண்பத்தாறு பிள்ளைகளும் எழுந்து நிற்கிறார்கள், எனக்கு ஒன்றும் தெரியவில்லை, தலைகள்தான் தெரிகின்றன, அம்மை போட்ட பிள்ளைகளைத் தவிர ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் என் கண் முன்னால் நின்றால் நான் எப்படிப் பார்ப்பது, ஸ்டூலில் ஏறலாமா, இந்த வயதில் ஸ்டூலில் ஏறினால் எல்லாரும் பார்ப்பார்கள், பார்க்கட்டும், ஏறிவிட்டேன். பொம்மி இப்போதுதான் வாயைத் திறந்திருக்கிறது. பற்கள் தெரிகின்றன, அழுகிறதா சிரிக்கிறதா தெரியவில்லை, கைகள் இரண்டும் தன்ஷிகாவுக்கு முன்னால், தலை முன்னால், தோள் முன்னால், கயிறு அதன் நெஞ்சில் பட்டு விழுந்தது. மஞ்சள். நொய்யல் பக்கம் எழுந்த சத்தத்தில் மைக் கீச்சென்று கத்தியது. அந்த அம்மணி என்னைப் பார்த்து, "மொதலுங்களா? மொதல்தானுங்களே?" என்று கேட்டது, நான் ஸ்டூல்மேல் நின்றுகொண்டே, ஆமாங்க அம்மணி, மொதல்தான் என்றேன். என் குரல் அவ்வளவு பெரிதாக வருமென்று எனக்கே தெரியாது.

இறங்கினேன். துண்டை எடுத்தேன், குடத்தை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு பந்தலுக்குப் போனேன், பேர் வெட்டின பக்கம் வெளியே தெரியும்படி. லோகநாதன் சார் பாதி வழியில் வந்து மறித்தார். "பெரியவரே, பெரியவரே, இருங்க. அந்தப் பக்கத்தத் திருப்பிப் புடிச்சுட்டாப் போதுமுங்க, போட்டோல வராது. அப்புறம் வேற குடம் பாத்துக்கலாம்." புள்ளகிட்டக் கேக்கோணுமுங்க சார், என்றேன். "என்னன்னு கேக்கறது?" எனக்குத் தெரியாதுங்க, கேக்கோணும், என்றேன். வசுந்தரா டீச்சர் வந்து குடத்தைப் பார்த்தார், பேரைப் படித்தார், லோகநாதன் சாரைப் பார்த்தார், அவர் காதைச் சொறிந்துகொண்டு, "நான்தானுங்க டீச்சர் வெட்டச் சொன்னேன். பெரியவரு மேல தப்பில்லீங்க" என்றார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. டீச்சர் பொம்மியைக் கூப்பிட்டார். பொம்மியும் வந்தது, தன்ஷிகாவும் வந்தது, இரண்டும் மூச்சு வாங்கிக்கொண்டு, ஒன்றின் தோளில் ஒன்று கை போட்டுக்கொண்டு. பொம்மி குடத்தைப் பார்த்தது. தோளில் இருந்த கை கீழே இறங்கியது. "நான் வந்து கேட்டப்பவே வெட்டியிருந்துச்சுங்களா தாத்தா?" ஆமாங் கண்ணு, என்றேன். தப்புப் பண்ணிட்டேன் என்றும் சொன்னேன், அது மெதுவாகத்தான் வந்தது, கேட்டிருக்குமோ என்னவோ. பொம்மியின் கண் நிறைந்துவிட்டது. தன்ஷிகா குனிந்து தன் பேரைப் படித்து, தலையில் கை வைத்துக்கொண்டது. "ஐயோ சார், என்ன சார் இது, என் மானமே போச்சு. தோத்த புள்ள பேரு குடத்துல. எங்கண்ணன் பாத்தான்னா ஒரு வருஷத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்."

பொம்மிக்கு அழுகை நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைப் பட்டையில் துடைத்துக்கொண்டு என் கையிலிருந்து குடத்தை வாங்கியது. வாங்கி, தெருக்குழாயிலிருந்து தண்ணீர் எடுத்து வருகிற பெண்கள் வைப்பார்களே, அப்படி இடது இடுப்பில் வைத்தது, வைத்துக் குடத்தை ஒரு திருப்புத் திருப்பி, தன்ஷிகா என்ற பேரைத் தன் பாவாடைப் பக்கம் கொண்டுபோய் இடுப்போடு அமுக்கியது. வெளியே தெரிந்த பக்கம் ஒரு எழுத்தும் இல்லாமல் பளபளவென்று இருந்தது, அதில் எங்கள் எல்லார் முகமும் வளைந்து தெரிந்தது. "இந்தப் பக்கம் வெட்டுங்க தாத்தா. இடுப்புல வெச்சா ஒரு பக்கந்தானுங்க வெளிய தெரியும்." தன்ஷிகா கேட்டது, "அப்ப நான் தெனமும் உன் இடுப்புல ஒக்காந்துட்டே வரோணுமா?" "கனமா இருந்தா எறக்கி வுட்டுருவன் போடீ" என்றது பொம்மி. அதன் அம்மா பின்னால் நின்று, "பெருசா வெட்டச் சொல்லு கண்ணு, தூரத்துல இருந்து தெரியோணும்" என்றது. இத்தனை வருஷம் குடம் வெட்டுகிறேன், குடத்தை ஒரு தடவையாவது இடுப்பில் வைத்துப் பார்த்திருக்கிறேனா? பேர் எந்தப் பக்கம் வந்தால் என்ன என்று மடியில் வைத்தே வெட்டியிருக்கிறேன். கல்வி அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்து, "எனக்கொண்ணும் அவசரமில்லீங்க, வெட்டுங்க, நானும் பாக்கறேன்" என்றார்.

பந்தலுக்கு நடுவிலேயே மேஜையைக் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள், வேண்டாமுங்க என்று சொல்வதற்குள் மைக் செட்டுக்காரத் தம்பி வயரும் இழுத்துக் கொடுத்துவிட்டான். குடத்துக்கு அடியில் துண்டை வைத்தேன், பொம்மி இரண்டு கையாலும் வாயைப் பிடித்துக்கொண்டது, பிடிக்காவிட்டால் குடம் அதிர்ந்து எழுத்து கோணும். சுற்றிலும் அத்தனை பேர். முதல் புள்ளி வைக்கிறவரைக்கும் அத்தனை பேரும் கண்ணில் தெரிந்தார்கள், வைத்தபிறகு ஊசியின் கிர்ர் சத்தம் கையெல்லாம் ஏறிவிட்டது, பிறகு ஊசி மட்டும் இருந்தது. தம்பி விளையாட்டாக மைக்கை என் பக்கம் நீட்டிவிட்டான், கிர்ர் என்று மைதானம் முழுக்க, வேலிக்கு அந்தப் பக்கம் சோளக்காட்டு வரைக்கும் கேட்கிறது, பிள்ளைகள் சிரித்து, பிறகு அடங்கி, ஒவ்வொரு எழுத்து முடியும்போதும் எல்லாரும் சேர்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பொ. பிறகு ம். பிறகு மி. அம்மா சொன்ன மாதிரி பெரிதாகவே வெட்டினேன், வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. கீழே நொய்யல் அணி என்று. நிமிர்ந்து பார்த்தபோது அந்தப் பிள்ளை என்னைப் பார்க்கவில்லை, எழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, விரலால் தடவி, சூடு இன்னும் இருக்குதுங்க தாத்தா என்றது. அதிகாரி குடத்தைக் கொடுத்தார், போட்டோ எடுத்தார்கள், போட்டோவுக்கும் இடுப்பில் வைத்துக்கொண்டுதான் நின்றது. லோகநாதன் சார் இரண்டு டீ கொண்டுவந்து எனக்கு ஒன்று கொடுத்து, பக்கத்தில் நின்று தானும் குடித்தார். பந்தல் பிரிக்கும்போது வசுந்தரா டீச்சர் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். "மிச்சப் பரிசப் பூரா நீங்களே வெச்சுக்கங்க பெரியவரே, வர்ற வருஷம் வரும்போது கொண்டாங்க. ஆனா ஒண்ணு, அடுத்த வருஷம் கயிறு அறுந்தப்புறந்தான் ஊசி எடுக்கோணும், ஆமா." சரிங்க டீச்சர், என்றேன். வர்ற வருஷம் வரும்போது என்றார். வந்தால் என்று சொல்லவில்லை. பையைத் திறந்து மேஜைமேல் வைத்து எண்ணினேன். தட்டு ஒன்றும் இல்லை. கிண்ணம் ஒன்றும் இல்லை. டம்ளர், குண்டு எறிதலில் பெண்பிள்ளைகள் இரண்டு பேர்தான் எறிந்தார்கள், அதனால் மூன்றாம் பரிசு ஒன்று போகவில்லை, பாத்திரக் கடைக்காரர் கூடுதலாக வைத்தது மூன்று. பேரில்லாமல் மிச்சம், நாலு.